ஓடைக்கரையில் மண் தின்னும் கிளிகள்

ஐப்பசி 4, திங்கள்

விடியல்ல தூறல். தோட்டத்துக்கு மோட்டார் போடப் போனேன். திராட்சை பழுக்குற நேரம், தண்ணி அளவா விடணும்.

ஓடைப் பக்கம் ஒரே கத்தல். புதர் மறைவுல நின்னு பாத்தேன். கரை சரிஞ்சு வெள்ளை மண்ணு தெரியுமே, அந்த இடம். இன்னைக்கு மண்ணே தெரியல. பூரா கிளி! தலைகீழாத் தொங்கிக்கிட்டு, ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டு, மண்ணக் கொத்தித் தின்னுதுக. கழுத்துல வளையம் போட்டது, தலை செவந்தது, மலையில இருந்து எறங்குற நீலவாலு. எல்லாம் ஒரே கரையில.

மூச்சு விடப் பயமா இருந்துச்சு. மோட்டாரு மறந்தே போச்சு.

வீட்டுக்காரர்ட்ட சொன்னேன். "நம்ம பழத்தத் தின்னுட்டு, செமிக்க மண்ணு தின்னுதாக்கும்"ன்னாக. கிளின்னாலே அவுகளுக்கு ஆகாது. போன தடவை பாதிப் பழம் அதுக வாய்க்குத்தான் போச்சு.

புதன்கிழமை அந்தக் கரையத்தான் ஜேசிபி வச்சு வெட்டப் போறாக. பழம் ஏத்த லாரி உள்ள வர பாதை வேணும். மத்த பக்கமெல்லாம் பந்தல், வேற வழியில்ல.

செவ்வாய்

வானம் வெளுத்துருச்சு. வாங்க வேண்டியது: டீத்தூள், மஞ்சத்தூள், கொசுவத்தி.

கிளி வர்றதுக்கு முன்னாடியே போயி, கரை மண்ணு துளி எடுத்து நாக்குல வச்சேன். லேசா உப்பு. மக வயித்துல இருந்தப்ப சுவத்து மண்ணச் சுரண்டித் தின்னேன். திட்டு வாங்கியும் விட முடியல. உடம்பு கேட்டுச்சு. அதுகளுக்கும் அப்படித்தானோ?

அவுகளும் வந்தாக, கையில வெடியோட. "எங்கன, காட்டு."

காட்டுனேன். தீப்பெட்டிய எடுத்தாக. உரசல. பாத்துக்கிட்டே நின்னாக.

அப்ப மேல ஒரு வல்லூறு. அம்புட்டுக் கிளியும் ஒரே மூச்சுல எந்திரிச்சுச்சு. றெக்கக் காத்து மூஞ்சியில அடிக்குது. ஓடை பூராப் பச்சை. காது அடைச்சுப் போச்சு.

"ஆத்தாடி!"ன்னாக. வெடிய மடியில சொருகிக்கிட்டாக.

புதன்

ஜேசிபி வந்துருச்சு. நானும் பின்னாலயே போனேன்.

டிரைவர், "கரையில ஆரம்பிக்கவாண்ணே?"

"அங்கன வேணாம்ப்பா. இங்கன வெட்டு." அவுக கை காட்டுனது பந்தல் ஓரம். திராட்சைக் குலை தொங்குற ரெண்டு வரிசை.

"பழுக்கப் போறதப் போயி..."

"வெட்டுப்பா."

கல்லுத்தூணு சாயுறப்ப அழுதுட்டேன். நாங்க ரெண்டு பேரும் நட்ட கொடி. கரைக்காகத்தான்னு தெரியும், இருந்தாலும் அழுகை.

சாயங்காலம் கேட்டேன், ஏன் இப்படின்னு. "தெரியல. அங்க வெட்டுன்னு சொல்ல வாய் வரல." கொஞ்சம் கழிச்சு, "பந்தலுக்கு வந்துச்சுன்னா வெடி உண்டு, பாத்துக்க!"

வியாழன்

பனி. ஒண்ணுகூட வரல. ஜேசிபி சத்தத்துல மெரண்டுருக்கும். கரைக்கு எதிர்ல பாறையில ரெண்டு பேரும் உக்காந்துருந்தோம். வெயில் ஏறிருச்சு. ரெண்டு வரிசை போனது வீண்தானோன்னு நெனச்சேன். அவுக மூஞ்சியப் பாக்க முடியல.

எந்திரிக்கப் போனேன். மலைப் பக்கம் ஒரு கீச்சு. அவுக என் தோள அமுக்கி உக்கார வச்சாக.

மொதல்ல ஒண்ணு. அப்புறம் வானமே தெரியல.