தெற்கு வீட்டு நிழல்

அக்கா,

ஈர சிமெண்ட் வாசனை மாடிவரை வருகிறது. உங்கள் வீடு இருந்த இடத்தில் நேற்று ஏழாவது தளத்துக்கு ஸ்லாப் போட்டார்கள். மழைக்காலம் முடிந்து வெயில் தெற்கே சாய்ந்துவிட்டதால், நான் டீ குடித்துவிட்டு மேலே வருவதற்குள் அந்தக் கட்டடத்தின் நிழல் என் சோலார் பலகைகள்மேல் ஏறிவிடுகிறது.

சோலார் வைக்கச் சொன்னதே நீங்கள்தான். அவர் போன பிறகு, கரண்ட் பில்லுக்குப் பயந்து ஃபேன்கூடப் போடாமல் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். "மாடில இவ்ளோ வெயில் வீணாப் போவுது, நீ இங்க வேர்த்துக் கொட்டுறியேடி" என்று திட்டினீர்கள். மின்சார அலுவலகத்தில் என் அரைகுறை மராட்டிக்கு யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நீங்கள் இந்தச் சாங்வியிலேயே பிறந்து வளர்ந்து மராட்டி சரளமாகப் பேசுபவர். மேசைமுன் நின்று சண்டைபோட்டு நெட் மீட்டர் வாங்கித் தந்தீர்கள்.

பலகை பொருத்த வந்தவர், தெற்குப் பக்கம் வீடு உயர்ந்தால் நிழல் விழும், அது யார் வீடு என்று கேட்டார். "என் வீடுதான். நான் இருக்கிற வரைக்கும் அதுமேல ஒரு செங்கல் ஏறாது" என்றீர்கள். அந்த வார்த்தையை நம்பித்தான் நான் தலையாட்டினேன்.

என் வீட்டுச் செலவுபோக மிச்ச மின்சாரம் வெளியே போவதை மீட்டர் முதல்முதலாகக் காட்டிய அன்று, தெருவில் போனவர்களையெல்லாம் நிறுத்தினீர்கள். "பாருங்க, கரண்ட் கம்பெனிக்கே கரண்ட் விக்கிறா இவ!"

பிறகு ஒரு நாள். காலையில் இருவரும் சேர்ந்துதான் பலகைகளைக் கழுவினோம். மத்தியானம் உங்கள் மாடியில் ஒருவர் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். யாரென்று கேட்டேன். பில்டரின் ஆள் என்றார். "ஏழு மாடி வருது, ஆண்ட்டி. அந்த அம்மா போன மாசமே கையெழுத்துப் போட்டுட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்று மராட்டியில் கேட்டார்.

போன மாதம். அதற்குப் பிறகும் தினமும் என் மாடிக்கு வந்து, பலகையைத் துடைத்தபடியே உங்கள் மூட்டுவலியைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் சமையலறைக்கு வந்து நின்றேன். "ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

பூண்டு உரித்துக்கொண்டிருந்த நீங்கள் நிமிரவில்லை. "பையனுக்கு கராடில வீடு வாங்கணும்னு ஒரே பிடிவாதம்."

"அதான், ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. நீ அழுதா என்னால கையெழுத்துப் போட முடியாது."

சாமான் வண்டி வந்த அன்று என் கேட் அருகே வந்து நின்றீர்கள். நான் மெஷினை நிறுத்தவில்லை.

அஸ்திவாரம் தோண்டும்போதே நீங்கள் கராடியில் கண்ணை மூடிவிட்டீர்கள். அந்த வகையில் சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். துக்கத்துக்கு வந்தேன். "உங்க மீட்டர் ஓடுதான்னு அம்மா கடைசிவரைக்கும் கேட்டுட்டே இருந்தாங்க, ஆண்ட்டி" என்றான் உங்கள் மகன். ஓடுகிறது என்றேன். கோடையில் ஓடும். இப்போது காலையில் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு அடங்கிவிடுகிறது. நான் மறுபடியும் பில் கட்டுகிறேன். அதுகூடப் பழகிவிட்டது.

நீங்கள் சொல்லியிருந்தால் நிச்சயம் அழுதிருப்பேன். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கையெழுத்துப் போடுங்கக்கா" என்று நானே சொல்லியிருப்பேன். என்னை அவ்வளவுகூடத் தெரிந்துகொள்ளாமல் போய்விட்டீர்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை.