கண் முன்னால் குடிக்கட்டும் என்ற அண்ணனுக்கு

என் கூடப் பிறந்த ஒரே உறவான துரை அண்ணா,

நீ போன பிறகு நான் மலை ஏறி வருவது இது மூன்றாவது தடவை. காரியத்துக்கு வந்தேன், பொங்கலுக்கு வந்தேன். இப்போது உன் சின்ன மகன் பாபு பத்தாவது பாஸ் பண்ணிவிட்டான் என்று அண்ணி ஆள் விட்டுச் சொன்னதால் சந்தவாசலிலிருந்து கிளம்பி வந்திருக்கிறேன். புளி வியாபாரிகளை எதிரில் உட்காரவைத்து நீ விலை பேசுவாயே, அந்த மேசையில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாபு என்மேல் கோபமாக வெளியே போயிருக்கிறான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் கூட்டாளிகள் இங்கே விருந்துக்கு வருகிறார்கள். காலையில் அவன் அண்ணியிடம் பீர் கேட்டுக்கொண்டிருந்தான். ஆளுக்குக் கொஞ்சம்தானாம். அண்ணியால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. அப்பா இல்லாத பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறதே என்று என் முகத்தைப் பார்த்தார். நான் கூடாது என்றேன். அவன் திரும்பி என்னிடம் சொன்னான்: “எங்கியோ போய்க் குடிச்சா பரவால்லயா அத்த? இங்கன்னா உங்க கண்ணு முன்னாலதான.”

அது நீ சொன்ன வார்த்தை அண்ணா. நீ அதைச் சொன்னபோது அவன் சின்னப் பையன். எங்கே நின்று கேட்டான்? எப்படி இத்தனை வருஷம் வைத்திருந்தான்?

அதனால்தான் உனக்குத் தெரிந்ததையே உனக்கு எழுதுகிறேன். பிள்ளை பெற்றவர்கள் யாராவது பக்கத்தில் நின்று கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

உன் பெரியவன் மோகன் பத்தாவது பாஸ் பண்ணின வருஷம் அது. நீயும் நானும் அஞ்சாவதைத் தாண்டாதவர்கள். பேப்பரில் அவன் நம்பரைப் பார்த்ததிலிருந்து உனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆடு அடித்தாய். போளூரிலிருந்து டேப் ரெக்கார்டர் வாடகைக்கு எடுத்து வந்தாய். மோகனோடு படித்த பையன்களை உன் ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு வந்தாய். என் மகன் சேகர் முன்னாடியே மலைக்கு வந்துவிட்டிருந்தான். அவனுக்கும் மோகன் வயசுதான், பதினாறு. மாமா வீடு என்றால் அவனுக்கு உயிர். நான் சமையலுக்குக் கை கொடுக்கலாம் என்று அன்றைக்குக் காலை பஸ்ஸில் வந்தேன்.

கிணற்றுத் தண்ணீர் நிரப்பின அண்டாவில் பீர் பாட்டில்கள் மிதந்துகொண்டிருந்தன. பசங்களுக்கா என்று கேட்டேன். நீ சிரித்தாய்.

“எங்கியோ புதர்ல ஒளிஞ்சி குடிக்கறதுக்கு எங்கண்ணு முன்னால குடிக்கட்டும் வசந்தா. ஆளுக்கு அரை டம்ளர். அதுல இன்னா ஆயிடப் போவுது?”

சேகருக்கு வேண்டாம் என்றேன். தாய்மாமன் எனக்கில்லாத அக்கறையா என்று சொல்லி அவன் தலையைக் கலைத்துவிட்டாய். சேகர் என்னைப் பார்த்தான். பிறகு உன்னைப் பார்த்தான். அத்தனை பையன்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவரே நீட்டும்போது ஒரு பிள்ளை எப்படி வேண்டாம் என்று சொல்லும்? உன் கையிலிருந்து வாங்கிக் குடித்தான். முகத்தைச் சுளித்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்புறம் ஆரணி வியாபாரி லாரியோடு வந்துவிட்டார் என்று நீ எடை போடுகிற கொட்டகைக்குப் போய்விட்டாய். நானும் அண்ணியும் அடுப்பு முன்னால். கண் முன்னால் என்றாயே அண்ணா, அந்த நேரத்தில் அவர்கள் யார் கண் முன்னால் இருந்தார்கள்?

மூட்டை தூக்குகிறவர்களுக்கென்று மலையில் காய்ச்சின சாராயத்தைக் கேனில் வாங்கிப் புளி அறையில் வைத்திருந்தாய். மோகனுக்கு இடம் தெரியும். அரை டம்ளர் பீர் அவர்களுக்கு ஆசையையும் தைரியத்தையும் கொடுத்திருந்தது. யார் மூச்சு விடாமல் குடிப்பது என்று பந்தயம் வைத்தார்களாம். சேகரை அம்மாப் பிள்ளை என்று ஒருத்தன் கிண்டல் பண்ணினானாம். என் பிள்ளை ஒரு முழு டம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டிருக்கிறான். இதெல்லாம் பிற்பாடு மோகன் அழுதுகொண்டே சொன்னது.

சாப்பிடக் கூப்பிடலாம் என்று நான் போனேன். பாட்டு சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் யாரும் ஆடவில்லை. ஒருத்தன் சுவரில் சாய்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். மோகன் என்னைப் பார்த்துவிட்டுப் புளி அறைக் கதவை மறைத்துக்கொண்டு நின்றான். அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன்.

சேகர் மூட்டைகளுக்கு நடுவில் மல்லாந்து கிடந்தான். வாயோரம் வாந்தி வழிந்திருந்தது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நிறம் மாறியிருந்தது. மூச்சு வந்தது, ஆனால் தொண்டைக்குள் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். நான் கன்னத்தில் அடித்தேன். கிள்ளினேன். ஒரு அசைவும் இல்லை. என்ன தோன்றியதோ, அவனை ஒருக்களித்துத் திருப்பி வாய்க்குள் விரலை விட்டு வழித்தேன்.

நீ ஓடி வந்தாய். மோர் கொடுக்கலாம் என்றாய், எலுமிச்சம்பழம் தேய்க்கலாம் என்றாய். கொஞ்ச நேரம் தூங்கினால் தெளிந்துவிடும், நான் பார்க்காத குடியா என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும், கேஸ் ஆகும், இத்தனை பையன்களின் அப்பன்மாருக்கும் தெரிந்துவிடும், மோகன் பேர் கெட்டுவிடும் என்று ஒவ்வொன்றாக அடுக்கினாய். நீ பேசப் பேச என் மடியில் அந்தச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. நல்லதுக்குக் குறைகிறதா, கெட்டதுக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

“வண்டிய எடுண்ணா. இல்லன்னா இவனத் தோள்ல போட்டுக்கினு நானே எறங்குவேன்.”

பிறந்ததிலிருந்து உன்னிடம் நான் அப்படிப் பேசினதில்லை. நீ சாவியை எடுத்தாய்.

அந்த மலை இறக்கத்தை இன்றைக்கும் என்னால் கண் திறந்துகொண்டு கடக்க முடியாது. ஒவ்வொரு வளைவிலும் சேகரின் தலை என் கையிலிருந்து நழுவியது. ஒரு இடத்தில் மூச்சு நின்றுவிட்டது என்று நினைத்து முதுகில் ஓங்கிக் குத்தினேன். இருமி, திரும்பவும் இழுத்தான். நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டே, டாக்டர் கேட்டால் பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லு என்றாய். நான் சேகரின் வாயோரத்தை முந்தானையால் துடைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா இருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டதும் நீ முந்திக்கொண்டு பிரியாணி என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சேகரின் முகத்தருகே குனிந்துவிட்டு உன்னை நிமிர்ந்து பார்த்தார். அதட்டவில்லை.

“நீங்க பொய் சொன்னா நான் தப்பா வைத்தியம் பண்ணுவேன். என்ன குடிச்சான்? கடைச் சரக்கா, காய்ச்சினதா? காய்ச்சினதுன்னா கண்ணே போகலாம், உயிரே போகலாம்.”

நீ அப்போது சொன்னதை நான் மறக்கவில்லை அண்ணா. உன்மேல் எனக்கு வெறுப்பு வந்த நாளும் அதுதான், உன்னை விட்டுவிடாமல் இன்னும் என் அண்ணன் என்று சொல்லிக்கொள்வதும் அந்த வார்த்தையால்தான்.

“சாராயம்மா. மலையில காய்ச்சினது. அதுக்கு முன்னால பீரு. பீரு நாந்தான் எங்கையால ஊத்திக் குடுத்தேன்.”

டாக்டரம்மா நர்ஸிடம் என்னென்னவோ எடுக்கச் சொல்லிக்கொண்டே, வேறு யார் குடித்தார்கள், அவர்கள் எங்கே என்று கேட்டார். அப்போதுதான் உனக்கு உறைத்தது. உன் மகனும் ஊரான் பிள்ளைகளும் மேலே, யாரும் பார்க்காமல். செருப்பைக்கூட விட்டுவிட்டு ஜீப்புக்கு ஓடினாய்.

நீ திரும்பி வருகிறவரை சேகரின் கட்டில் பக்கத்தில் நின்றேன். மூக்கில் குழாய், கையில் ஊசி. பிள்ளை ஒருத்தனைக் காணோம் என்று நீ மேலே தேடி அலைந்ததும், அவன் கிணற்றுப் படியில், தண்ணீருக்கு ஒரு எட்டு மேலே, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்ததும் எனக்குப் பிறகுதான் தெரியும். பொழுது சாயும்போது எல்லாரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாய். மோகனை நீயே தூக்கி வந்தாய். பதினாறு வயசுப் பையனைக் கைக்குழந்தை மாதிரி.

மற்றவர்கள் மறுநாளே எழுந்து உட்கார்ந்தார்கள். சேகருக்கு வாந்தி நுரையீரலில் இறங்கிவிட்டது. காய்ச்சல் ஏறி ஏறி அடித்தது. கண் திறந்ததும் அவன் முகத்துக்கு நேரே கையை ஆட்டி, தெரிகிறதா என்று கேட்டேன். தெரியுதும்மா என்றான். அடுத்த கேள்வி, மாமா எங்கே என்றான். நீ வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தாய். நான் உன்னை உள்ளே விடவில்லை.

போலீஸ் வந்தது, கோர்ட்டுக்கு நடந்தாய். அதையெல்லாம் நீ தலை குனிந்து வாங்கிக்கொண்டாய். ஆனால் யாரும் சொல்லாமலே ஒன்று செய்தாய். அந்தப் பையன்களின் வீடு ஒவ்வொன்றுக்கும் பட்டப்பகலில் போய், நடந்தது இது, என் வீட்டில்தான், தப்பு என்னுடையது என்று சொன்னாய். ஒரு வீட்டில் செருப்பைக் கழற்றினார்கள். இன்னொரு வீட்டில் அந்த அப்பா சிரித்தாராம். இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க, ஆம்பளப் பசங்கன்னா அப்டித்தான் என்றாராம். செருப்பைவிட அந்தச் சிரிப்புதான் உனக்கு வலித்தது என்று அண்ணி சொன்னார். அந்தச் சிரிப்பில் நீ உன்னையே பார்த்தாயா?

ரெண்டு பொங்கலுக்கு நீ கொண்டுவந்த வரிசையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுப் போனாய். நான் கதவைத் திறக்கவில்லை. மூன்றாவது பொங்கலுக்குத் திறந்தேன். வா என்று சொல்லவில்லை. ஏன் ஊத்தின என்று மட்டும் கேட்டேன். நீ வாசலிலேயே நின்றபடி சொன்னாய்.

“நம்ம அப்பா வூட்டுக்குள்ள வந்தாலே நாம ரெண்டு பேரும் மூலையில ஒண்டிக்குவோமே வசந்தா. எம்புள்ள என்னப் பாத்து அப்டி ஒண்டக்கூடாதுன்னு நெனச்சேன். அவன் கூட்டாளிங்கல்லாம், உங்கப்பா மாதிரி வருமாடான்னு சொல்லணும்னு ஆசப்பட்டேன்.”

அப்பாவின் பெல்ட் என் முதுகிலும்தான் விழுந்திருக்கிறது. உள்ளே வந்து சாப்பிடு என்றேன். நீ சாப்பிட்டாய். அதற்கப்புறம் நாம் அதைப் பற்றிப் பேசவேயில்லை. பேசியிருக்கலாமோ? போன வருஷம் மூட்டை ஏற்றிவிட்டுக் களத்தில் உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய். நெஞ்சடைப்பு, ஒரு வார்த்தை சொல்ல நேரமில்லை.

மோகன் பெங்களூரில் நன்றாக இருக்கிறான். ஒரு சொட்டு தொடுவதில்லை. சேகருக்கு மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றிக் காயில் கட்டுகிற வேலை, கை சுத்தம் என்று பேர் எடுத்திருக்கிறான். ஆனால் இன்றைக்கும் வேகமாக நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காலையில் பாபுவிடம் அதைச் சொன்னேன். அவனுக்கு அது தெரியவே தெரியாதாம். சேகர் மச்சானுக்கு அதனாலயா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அப்புறம், பீர் இல்லையென்றால் எவனும் வர மாட்டான், எல்லாரும் என்னைக் கேலி பண்ணுவார்கள் என்று கத்திவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டான். பொழுது இறங்கப் போகிறது. இன்னும் வரவில்லை. எங்கே போயிருப்பான்? வாசலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் அண்ணா? அவனைச் சமாதானப்படுத்த ஓடியிருப்பாயா? இல்லை, அடிபட்ட பிறகு வந்த புத்தியோடு இங்கேயே உட்கார்ந்திருப்பாயா?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிற பிள்ளைகள் வரட்டும். கறி வேகும், பாட்டு எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் ஓடட்டும். பீரோ சாராயமோ இந்த வீட்டுக்குள் வராது. ஒவ்வொரு பையனின் வீட்டுக்கும் ஆள் அனுப்பி, இங்கே வருகிறான், இத்தனை மணிக்கு பஸ் ஏற்றுவோம் என்று சொல்லப்போகிறேன். யார் கூப்பிட்டாலும் கொட்டகைக்கும் போக மாட்டேன், அடுப்படிக்கும் போக மாட்டேன். கடைசிப் பிள்ளை வீடு போய்ச் சேர்ந்தான் என்று தெரிகிறவரை படுக்க மாட்டேன். பாபு என்னை வெறுப்பான். வெறுக்கட்டும். நம் பிள்ளை நம்மை வெறுப்பதை உன்னால் தாங்க முடியாமல் போனது. நான் தாங்கிக்கொள்கிறேன்.

உன்மேல் இன்னும் கொஞ்சம் கோபம் மீதி இருக்கிற,
உன் தங்கச்சி,
உன் பாபுவுக்கு இனி அப்பா இடத்திலும் நிற்கப்போகிற அத்தை,
வசந்தா