கவர் இருந்ததா?

பாப்பாவின் அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கே நீங்கள் இருவரும் சுகம் என்று நானே எழுதிக்கொண்டு மேலே போகிறேன். ஃபோனில் கேட்டால் நீங்கள் "ம்" என்கிறீர்கள். சுகமா என்றாலும் "ம்". சாப்பிட்டீர்களா என்றாலும் "ம்". இந்த அறையில் ஆறு கட்டில். நான் ஃபோனைக் காதில் வைத்தால் மற்ற ஐந்து பேரும் துணி மடிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு கேட்பார்கள். அதனால்தான் கடிதம்.

என்னை மடிப்புப் பகுதியிலிருந்து கவர் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். மெத்தைக்கும் தலையணைக்கும் மேலுறை தைக்கிற இடம். அதில் என் வேலை துணி வெட்டும் மெஷினில். பத்து அடுக்குத் துணியைச் சேர்த்து வைத்துத் தள்ளினால், ஓடிக்கொண்டே இருக்கும் பட்டை பிளேடு சத்தமே இல்லாமல் வெட்டிவிடும். பயப்படாதீர்கள், பிளேடுக்கு முன்னால் மஞ்சள் பெயிண்ட் அடித்த இரும்புத் தடுப்பு ஒன்று உண்டு. அதற்கும் பெயர் கவர்தான்.

இந்த ஒரு வார்த்தை என்னைப் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை. நம் வீட்டில் கவர் என்றால் கடையில் சாமான் போட்டுத் தருவது. இல்லாவிட்டால் ஸ்டாம்பு ஒட்டுவது. பாப்பாவின் நோட்டுக்கு நீங்கள் போட்டுத் தருவது. மிஞ்சிப்போனால், கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் எங்கள் தெருவில் ஒரே சாயங்காலத்தில் ஆறு தடவை சைக்கிள் பெல் அடித்துக்கொண்டு போனதைப் பார்த்து என் அக்கா, "உன்னை கவர் பண்றாராம்டி" என்று சொன்னது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இங்கே தலையில் மாட்டும் வலை கவர். ஆஸ்பத்திரிச் செலவை இன்ஷூரன்ஸ் ஏற்றுக்கொண்டால் அதுவும் கவர். ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வருகிறேன். ஒன்பது அர்த்தம் ஆகிவிட்டது.

ஒன்பதாவது எப்படி வந்தது என்று கேளுங்கள். பக்கத்துத் தையல் மெஷின்காரிக்கு நான் வைத்திருக்கும் பெயர் சுருட்டை. முடி அப்படி. வேறு நாட்டுக்காரி, வேறு பாஷை. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு நூறு ஆங்கில வார்த்தை இருந்தால் அதிகம். போன வாரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து, "டுமாரோ மார்னிங் கவர் மீ, ப்ளீஸ்" என்றாள். பாவம், குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது என்று மறுநாள் என் கம்பளிச் சால்வையை எடுத்துக்கொண்டு போனேன். ஆளையே காணோம். பத்து மணிக்கு சூப்பர்வைசர் வந்து, "அவங்க வர்ற வரைக்கும் அவங்க இடத்தை நீங்க பார்த்துக்கறதா சொன்னாங்களே" என்று கேட்ட பிறகுதான் எனக்கு விஷயமே விளங்கியது. அவள் குழந்தையை டாக்டரிடம் காட்டிவிட்டு மதியம் வந்து நன்றாகத் திட்டு வாங்கினாள். நான் சால்வையை நீட்டி, நடித்துக் காட்டி விளக்கினேன். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து நாங்கள் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம்.

சூப்பர்வைசர் நம் பாஷைக்காரர், நல்ல மனிதர். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். உங்களையும் பாப்பாவையும் இங்கே வரவழைக்கும் அனுமதிக் காகிதத்துக்கும் மேலே சொல்லி வைத்திருக்கிறார். காகிதம் கைக்கு வருகிற வரை பள்ளிக்கூடத்தில் எதுவும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் அச்சகத்திலும்தான்.

பாப்பாவுக்கு முத்தம். உங்களுக்கு வணக்கம் மட்டும்தான். கடிதத்தை அவளும் படிப்பாள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


பாப்பாவின் அப்பாவுக்கு,

இதை அவள் பள்ளிக்கூடம் போன பிறகு, தனியாக உட்கார்ந்து படியுங்கள். மூன்று வாரமாக நான் ஃபோனில் சரியாகப் பேசவில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த முறை நான்தான் "ம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன கடிதத்துக்குப் பிறகு ஒரு பெரிய ஹோட்டல் ஆர்டர் வந்தது. மேலேயிருந்து தினமும் சூப்பர்வைசரைக் குடைந்தார்கள். அந்த மஞ்சள் கவர் இருந்தால் பத்து அடுக்குக்கு மேல் உள்ளே நுழையாது. கழற்றிவிட்டால் இருபது போகும். ஒரு நாள் காலையில் என் மெஷினுக்கு வந்து, "அந்த ஸ்பேனரை எடும்மா. ரெண்டு வாரத்துக்குத்தான், ஆர்டர் முடிஞ்சதும் மாட்டிடலாம்" என்றார். நான் எடுத்துக் கொடுத்தேன். இதை நீங்கள் நன்றாகக் கவனித்துப் படிக்க வேண்டும். ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தது நான்தான். கவரை மெஷின் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டோம். இரண்டு வாரம் ஐந்து வாரமாகிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, நம் அனுமதிக் காகிதத்தில் கையெழுத்துப் போட வரச்சொல்லி மாடி ஆபீசிலிருந்து ஆள் வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போயிருக்கலாம். எனக்குப் பொறுக்கவில்லை. சுருட்டையைக் கூப்பிட்டு, "கவர் மீ, டென் மினிட்ஸ்" என்றேன். அந்த வார்த்தையைச் சரியாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே வந்து என் இடத்தில் நின்றாள். அந்த மெஷினில் அவளுக்குப் பழக்கமில்லை. சூப்பர்வைசரிடமும் நான் சொல்லவில்லை.

பாப்பாவின் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று கீழே எல்லா மெஷினும் நின்றுபோனது. அவ்வளவு பெரிய கட்டடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை.

வலது கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். சூப்பர்வைசர்தான் புதுத் தலையணை உறை ஒன்றை உருவி அவள் கையைச் சுற்றிக் கட்டி, தூக்கிக்கொண்டு ஓடினார். சட்டை முழுக்க ரத்தம். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு இப்போதும் மனம் வரவில்லை.

ஆனால் மறுநாளே பேச்சு மாறிவிட்டது. அன்று காலை வரை கவர் இருந்தது, சுருட்டை யாரையும் கேட்காமல் தானாகவே போய் நின்று, வேகத்துக்காகத் தானே கழற்றிப் போட்டாள் என்று ஆபீசில் எழுதிவிட்டார்கள். அப்படியென்றால் இன்ஷூரன்ஸ் அவளைக் கவர் செய்யாது. வேலையும் போகும். விசாரணைக்கு அரசாங்கத்திலிருந்து ஆள் வரும்வரை மெஷினைத் தொடக்கூடாது என்று சுற்றிலும் டேப் ஒட்டிவைத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் கை பெரிய வெள்ளைப் பொட்டலம்போல் இருந்தது. என்னை ஏசுவாள், அழுவாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "யுவர் பேப்பர்... ஓகே?" என்று கேட்டாள். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

விசாரணைக்கு முதல் நாள் சூப்பர்வைசர் சாப்பாட்டுக்கூடத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். ஒரு பழுப்புக் கவரை மேஜையில் வைத்தார். உள்ளே நம் காகிதம், மேனேஜர் கையெழுத்துப் போட்டது. கொஞ்சம் இழுத்து முத்திரையைக் காட்டினார். "காலையில கவர் இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அவங்க எப்படி அங்க வந்தாங்கன்னு தெரியாதுன்னுடுங்க. முடிஞ்சதும் இதை உங்க கையில தந்துடறேன். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்காங்கம்மா. கொஞ்சம் கவர் பண்ணிக்கங்க" என்றார். கண் கலங்கித்தான் கேட்டார். என் நோட்டில் பத்தாவதாக இதை எழுத வேண்டியிருந்தது. எழுதவில்லை.

உங்களிடம் கேட்க நினைத்தேன். இரண்டு முறை ஃபோனை எடுத்தேன். பாப்பாதான் எடுத்தாள். விமானத்தில் ஜன்னல் சீட்டு கேட்டால் தருவார்களா என்று கேட்டாள். வைத்துவிட்டேன்.

விசாரணைக்கு வந்தது ஒரு பெண் அதிகாரி. மெல்லிய குரல், மூக்குக்கண்ணாடி. எனக்கு ஆங்கிலம் வராது என்பதால் மொழிபெயர்க்க சூப்பர்வைசரையே பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கவர் இருந்ததா என்று அந்த அம்மா கேட்டதாக அவர் சொன்னார். நான் நம் பாஷையில், "இல்லைங்க. அஞ்சு வாரமா இல்லை" என்றேன். அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். இல்லை என்பதற்கு எதற்கு அவ்வளவு நீளம்? நடுவில் "யெஸ்" என்று ஒரு வார்த்தை என் காதில் விழுந்தது. அந்த அம்மா தலையாட்டி எழுத ஆரம்பித்தார்.

நான் எழுந்துவிட்டேன். "நோ. நோ கவர். ஃபைவ் வீக்" என்றேன். அவர் உடனே சிரித்த முகத்தோடு அதிகாரியிடம் ஏதோ சொன்னார். "பில்லோ" என்றது மட்டும் புரிந்தது. நான் தலையணை உறை பற்றாக்குறையைச் சொல்கிறேனாம். எனக்கு வந்ததே ஒரு கோபம். "நோ பில்லோ!" என்று கத்திவிட்டேன். அந்த அம்மாவின் முழங்கையைப் பிடித்து, இழுத்துக்கொண்டே போய், மெஷினுக்கு அடியில் கையைக் காட்டினேன்.

அவர் டேப்பைத் தாண்டிக் குனிந்து கவரை வெளியே இழுத்தார். அதன்மேல் பஞ்சுத் தூசி விரற்கடை உயரத்துக்கு அடை அடையாகப் படிந்திருந்தது. அன்றைக்குக் கழற்றிப் போட்டதில் அப்படித் தூசி சேருமா? அந்த அம்மா விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார், படம் எடுத்துக்கொண்டார். நான் விடவில்லை. என் நெஞ்சில் கை வைத்து, "ஸ்பேனர், ஐ கிவ். மை பிளேஸ். ஷி கவர் மீ" என்றேன். அவர் நிறுத்தி நிறுத்தி அதையே திருப்பிக் கேட்டார். யெஸ் என்றேன். சூப்பர்வைசர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினொரு நாள் கழித்து முடிவு வந்தது. சுருட்டையின் மருத்துவத்தையும் இழப்பீட்டையும் இன்ஷூரன்ஸ் ஏற்றுக்கொண்டது. குணமானதும் எண்ணிக்கைப் பகுதியில் அவளுக்கு வேலை. எல்லா மெஷினிலும் கவரைப் போல்ட் போட்டு முறுக்கிவிட்டார்கள். சூப்பர்வைசரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். போகிற அன்று என்னிடம் வந்து, "நீங்க சொன்னது தப்பில்லம்மா. ஆனா என்னைக் கழட்டச் சொன்னவங்க பேரை யாருமே கேக்கல" என்றார். உண்மைதான். நானும் கேட்கவில்லை.

இடத்தைவிட்டுப் போனதற்கு எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை. நம் காகிதம் இந்த வருடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம். அதற்குப் பிறகு நீட்டிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அறையில் இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை.

உங்கள் இருவருடைய காகிதத்தையும் உங்களைக் கேட்காமல் நானே விட்டுக்கொடுத்துவிட்டேன். சரியென்று நீங்கள் சொல்ல வேண்டாம். திட்டுங்கள். ஒரு பக்கத்துக்காவது திட்டி எழுதுங்கள். அந்த ஒற்றை எழுத்தை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா


பாப்பாவின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை என்று உனக்குத் தெரியும். அடுத்தவர்கள் எழுதியதற்கு அட்டை ஒட்டுவதுதான் என் தொழில்.

கோபம் வந்தது. ஒளிக்கப்போவதில்லை. ஒரு நாள் முழுக்க இருந்தது. நீ சொல்லியும் கேட்காமல் அச்சகத்தில் சொல்லிவிட்டேன், என் இடத்துக்கு வேறு ஆளைக்கூடப் பார்த்துவிட்டார்கள். முதலாளியிடம் போய், போகவில்லை என்றேன். "ஏன்யா, அங்க உன்னை வேண்டாம்னுட்டாங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பசைவாளியை எடுத்துக்கொண்டேன். அப்போது உன்மேல் நல்ல கோபம்.

மறுநாள் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். ஸ்பேனரை நான்தான் கொடுத்தேன் என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அதிகாரியிடம் சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்கும் தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு கோபத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீ வேறு மாதிரி செய்துவிட்டு வந்து எங்களை அந்த ஊர் விமான நிலையத்தில் வரவேற்றிருந்தால், உன் முகத்தை நான் எப்படிப் பார்த்திருப்பேன் என்று யோசித்தேன். போதும். திட்டுவதற்கு ஒரு பக்கம் கேட்டாய், இவ்வளவுதான் வருகிறது.

பாப்பாவிடம் நானே சொன்னேன். அழுதாள். பிறகு அந்த அத்தைக்கு எந்தக் கை என்று கேட்டாள். வலது கை என்றேன். இரண்டு நாளாக இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறாள். அந்த அத்தைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கு, என்ன விஷயம்?" என்றார். கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பதினான்கு மாதம் ஒன்றும் பெரிதில்லை. நீட்டித்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் வந்துவிடு. வாடகை வீட்டைக் காலி செய்யவில்லை. அந்தச் சூப்பர்வைசர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் எழுது. அவருக்கு நான் ஒரு வரி எழுத வேண்டும். என்ன எழுதுவதென்று இன்னும் தெரியவில்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். உன் இரண்டாவது கடிதத்தில் எழுத்து சாய்ந்து சாய்ந்து கிடக்கிறது. உன் கையெழுத்து அப்படி இருக்காது. அழுதுகொண்டே எழுதினாய் என்றால் சரி. ஆனால் போன வருடம் மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்துவிட்டு, எழுந்த பிறகுதான் சொன்னவள் நீ. அவ்வளவு ரத்தத்தை எழுதியவள், நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரிகூட எழுதவில்லை.

உன் இரண்டு கையையும் மேஜைமேல் விரித்து வைத்து, யாரையாவது ஒரு ஃபோட்டோ எடுக்கச் சொல்லி அனுப்பு. பத்து விரலும் தெரிய வேண்டும். பாப்பா கேட்டாள் என்று எழுதலாம் என்றுதான் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. நான்தான் கேட்கிறேன். சீக்கிரம் அனுப்பு.

பாப்பாவின் அப்பா