கருவாட்டுக் குழம்பும் உங்கள் சிவப்பு ஒயினும்

மச்சான்,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, நீங்கள் விட்டுப்போன ஸ்பெயின் சிவப்பு ஒயினை நெத்திலிக் கருவாட்டுக் குழம்போடு குடிப்பது என்று நேற்று எங்கள் திருவேற்காட்டு வீட்டில் முடிவாயிற்று. ஆலோசனையில் கலந்துகொண்டவர்கள் நானும் உங்கள் தங்கை கலாவும். இதைவிடக் குறைந்த யோசனையோடு அரசுகள் போர் தொடுத்திருக்கின்றன.

பாட்டிலை உங்கள் மனைவி கொடுத்தனுப்பினார். கார்க்கைப் பிடுங்கியதும் பழைய மரப்பெட்டியும் நாவல்பழமும் கலந்த வாசனை வந்தது. கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டும் நட்டும் செய்துகொண்டிருந்த உங்களுக்கு, எந்திரக் கண்காட்சிக்காக ஸ்பெயின் போய்வந்த பிறகு புதிதாக ஒரு நாக்கு முளைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் முகப்பேர் ஃபிளாட்டில் எங்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினீர்கள். ஒயின் மூச்சு விட வேண்டும் என்று பாட்டிலைத் திறந்துவைப்பீர்கள். அதுவரை வேறு யாரும் வாயைத் திறக்க முடியாது.

"கிளாஸ சுத்து மாப்ள. மோந்து பாரு. இன்னா வருது?"

"நாவல்பழம்."

"நாவப்பயமா? பிளாக்பெர்ரின்னு சொல்லு."

"நீங்க சாப்பிட்டிருக்கீங்களா மச்சான்?"

"இன்னாத்துக்கு துன்னணும்? புக்குல போட்டுகீது."

அப்படி ஒரு ஞாயிறு கலா தூக்கில் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு கொண்டுவந்தாள். மண்ணூர்பேட்டை வீட்டில் நீங்கள் சட்டியை வழித்துத் தின்று வளர்ந்த அதே தொக்கு. உங்கள் ஃபிளாட் நண்பர்கள் முன்னால் மூடியைத் திறந்தாள்.

"ஐய, மூடு கலா. அத்த வெளிய செருப்பாண்ட வெய்யி," என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள். "கருவாட்டோட இத்த குட்ச்சா இரும்ப நக்குனா மாரி இர்க்கும் மாப்ள. இதுக்கு ஜோடி மட்டன் சுக்காதான்."

கலா தூக்கைச் செருப்புகளுக்கு நடுவே வைத்தாள். திரும்பும்போது ஷேர் வேனில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அன்றோடு எங்கள் வீட்டில் கருவாடு நின்றது. கேட்டபோதெல்லாம், "எங்கண்ணனுக்கு நாறுனது உனுக்கு மட்டும் மணக்குதா?" என்றாள். மறுபடி அவள் உங்கள் படியேறியது உங்கள் சாவுக்குத்தான்.

அன்று எல்லோரும் உங்கள் நல்ல குணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கருவாட்டை நினைத்துக்கொண்டு நின்றேன். உங்கள் மேல் எனக்கிருந்த வெறுப்பு மாலைகளுக்கு அடியிலும் வாடாமல் இருந்தது. இன்றும் இருக்கிறது.

எனவே நேற்று கலாவிடம் பந்தயம் கட்டினேன். உங்கள் வாக்கு பொய்யென்று தெரிந்தால் இனி வாராவாரம் கருவாடு. "அண்ணன் சொன்னது டூப்புன்னா செய்யறேன். நெசம்னா மறுபடி கேக்காத," என்றாள். பிளாக்பெர்ரியைப் பார்த்திராதவர் சொன்ன ஜோடிப்பொருத்தம்தானே என்று நான் தைரியமாக இருந்தேன்.

குழம்பு வாசல்வரை மணந்தது. கலா ஒரு வாய் சோறு தின்றாள். நீங்கள் கற்றுக்கொடுத்தபடியே டம்ளரைச் சுற்றி, மோந்து, ஒரு மடக்குக் குடித்தாள். முகம் சுருங்கியது.

"இரும்புதான்யா. அண்ணன் சரியாத்தான் சொல்லிகீது."

நானும் தின்று குடித்தேன். துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல் இருந்தது. பல் தேய்த்தும் போகாத அந்த ருசிதான் உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது.

உங்கள் சாவு வீட்டில் அழாத கலா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். குழம்பில் காரம் தூக்கல் என்றாள். பிறகு கார்க்கை அழுத்தி மூடி, மீதி ஒயினை ஃபிரிஜ்ஜில் வைத்தாள்.

சாயங்காலம் நான் போய் அரைக் கிலோ ஆட்டுக்கறி வாங்கி வந்தேன்.