நீல மையில் கரைந்த நகரம்

சார்,

நேற்று உங்கள் மகள் கடைக்கு வந்தாள். அரிசி வாங்கவில்லை, பருப்பு வாங்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு ஜிப்லாக் பையை எடுத்துக் கல்லாப்பெட்டி மேல் வைத்தாள். உள்ளே நான் உங்களுக்குத் தந்த அந்தக் கறுப்பு நிற மைப்பேனா.

"அங்கிள், அப்பா கண்ணை மூடறதுக்கு முன்னாடி இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னார். லைப்ரரில அவரோட நோட்டுங்க பக்கத்துல வைக்கணுமாம்."

அமெரிக்காவில் இந்தப் பார்சிப்பனி ஊர் முழுக்க வாய்க்குப் பேர்போனவன் நான். "சரிம்மா" என்று மட்டும் சொல்லிப் பையை வாங்கிக் கல்லாப்பெட்டிக்குள் வைத்தேன்.

அவள் ஆபீஸ் போகிற வழியில் தினமும் உங்களை என் கடையில் இறக்கிவிட்டுப் போவாளே, அந்த நாட்கள்தான் கண்ணுக்குள் நிற்கின்றன. கறிவேப்பிலை கூலருக்குப் பக்கத்தில் உங்கள் ஸ்டூல். மடியில் கோடு போட்ட நோட்டு, கையில் பின்முனை கடிபட்ட பால்பாயிண்ட் பேனா. காலேஜில் சரித்திரம் நடத்தி ஓய்வுபெற்ற நீங்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான். (இங்கே எல்லாரிடமும் பி.காம். என்று சொல்லி வைத்திருக்கிறேன், அது இருக்கட்டும்.) கம்பளி விற்றும் வட்டிக்குக் கொடுத்தும் கொழுத்த, இத்தாலியின் புளோரன்ஸ் என்கிற ஊர், செத்துப்போன கலையையும் கல்வியையும் எப்படி எழுப்பி உட்காரவைத்தது என்று தமிழில் எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

"அந்த ஊர்ப் பெரிய மாதா கோயிலைக் கட்டுற பொறுப்பு யார்கிட்ட இருந்துச்சு தெரியுமா அண்ணாச்சி? கம்பளி வியாபாரிங்க சங்கத்துக்கிட்ட."

"அப்ப பலசரக்குக்காரன் என்ன செஞ்சான் சார்?"

"பக்கத்துல நின்னு, எல்லாம் நான்தான் கட்டினேன்னு சொல்லிக்கிட்டிருந்திருப்பான்."

மல்லி பாக்கெட் எடுக்க வந்த அம்மா ஒருத்தி நம் சிரிப்பைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். நீங்கள் கேலிக்குச் சொன்னீர்கள். எனக்கு அது தலைக்கு ஏறிவிட்டது. அந்த வருஷப் பொங்கல் விழாவில் மைக்கைப் பிடுங்கினேன். "கம்பளி வித்தவன் செஞ்சதை அரிசி விக்கிறவன் செய்யமாட்டானா? என் கடை மாடில நூலகம் வருது! முதல் புத்தகம் நம்ம சார் எழுதுறது!" கைதட்டலில் ஹாலே அதிர்ந்தது. கடைக்கு மாடியே கிடையாது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த உங்களுக்கு அது தெரியும். குனிந்து சிரித்துக்கொண்டீர்கள்.

புரவலன் என்று ஆனபிறகு வெறுங்கையோடு நிற்கலாமா? அந்த வாரமே இந்தப் பேனாவைத் தந்தேன். புளோரன்ஸிலேயே செய்தது, ஆள்விட்டு வரவழைத்தேன் என்றேன். வாங்கியது ஹைவே ஓரத்து மாலில்.

"அந்த ஊரைப் பத்தி அந்த ஊர்ப் பேனாவாலயே எழுதறேன் அண்ணாச்சி" என்றீர்கள். அன்றிலிருந்து பால்பாயிண்டைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் சேரப் போகும் அன்று மூன்று நோட்டுகளையும் என்னிடம் கொடுத்தீர்கள். "மாடி எழும்புற வரைக்கும் பத்திரம்." கடைக்குக் கீழே பேஸ்மெண்டில் ஓர் அட்டைப்பெட்டியில் வைத்தேன். தரையில்.

அடுத்த வாரம் புயல் மழை. பேஸ்மெண்டில் முழங்கால் தண்ணீர். நான் முதலில் தூக்கியது பாஸ்மதி மூட்டைகளை, சார். எல்லா மூட்டையும் மேலே ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான் உங்கள் பெட்டி ஞாபகம் வந்தது. ஒருமுறை புளோரன்ஸிலும் ஆறு ஊருக்குள் புகுந்து நூலகத்தை மூழ்கடித்தது, முன்பின் தெரியாத பிள்ளைகள் வரிசையாக நின்று சேற்றிலிருந்து புத்தகங்களைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள், பக்கத்துக்குப் பக்கம் தாள் செருகிக் காயவைத்தார்கள் என்று சொல்லியிருந்தீர்களே. நானும் பேப்பர் டவல் செருகினேன். பால்பாயிண்டில் எழுதியது அப்படியே நின்றது. என் பேனாவால் எழுதியதெல்லாம் நீலத் தண்ணீராகப் போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு வந்தேன். "நோட்டு எப்படி இருக்கு?" என்றீர்கள்.

"கண்ணாடி அலமாரில இருக்கு சார். ஞாயித்துக்கிழமை ஆனா பிள்ளைங்க வரிசைல நிக்குதுங்க."

"மாடிப்படி ரொம்பச் செங்குத்தா இல்லையே?"

"லிஃப்ட்டே போட்டாச்சு சார்."

சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டாள். அதன்பிறகு நீங்கள் பேசி நான் கேட்கவில்லை. நம்பித்தான் பேனாவை அனுப்பினீர்களா, இல்லை எல்லாம் தெரிந்தே என் பொய்க்குள் கடைசியாக ஒரு பொருளை வைத்துவிட்டுப் போனீர்களா? யாரிடம் கேட்பேன்?

மிச்சம் இருப்பது ஒன்றரை நோட்டு. கடைசி பால்பாயிண்ட் வரிகள் இவை: "கோயிலின் நடுவே கூரை இல்லை. அவ்வளவு அகலத்தை மூடும் வித்தை யாருக்கும் தெரியவில்லை. ஆனாலும் கட்டிக்கொண்டே போனார்கள்." அதற்குமேல் நீலக் கறைதான்.

எப்படி மூடினார்கள் என்று ஸ்டூலில் உட்கார்ந்து எனக்குச் சொன்னீர்கள். நான் அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டினேன். ஒருநாள் யானையைச் சேர்த்தேன், ஒருநாள் நம் ஊர்க் கொத்தனாரைக் கப்பலேற்றினேன். இன்று காலை அந்தப் பேனாவில் மை நிரப்பி எழுத உட்கார்ந்தால், நீங்கள் சொன்னது எது, நான் கூட்டியது எது என்று பிரிக்க முடியவில்லை. "ஜஸ்ட் லுக் இட் அப், தாத்தா" என்கிறாள் பேத்தி. நெட்டில் தேடினால் கூரை போட்ட கதை கிடைக்கும். நீங்கள் சொன்ன விதம் எதில் கிடைக்கும்?

பேனாவை மூடி வைத்துவிட்டேன். அந்த மூன்று வரிகள் மட்டும் எனக்கு மனப்பாடம் சார். ஒரு சொல் கூட்டாமல் என்னால் சொல்ல முடிவது உலகத்தில் அவ்வளவுதான்.