பெருமாளுக்கு எடை உண்டா

வெள்ளிக்கிழமை

முழங்கால் இன்னும் மடங்கவில்லை. தலையணை மேல் காலை நீட்டி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

காலையில் சரோஜாவோடு தில்லை நகருக்கு எலும்பு டாக்டரைப் பார்க்கப் போனேன். நடக்க முடியாதவர்கள் வருகிற இடத்தை மாடியில் வைத்திருக்கிறார்கள், லிஃப்ட் கிடையாது. உட்கார்ந்து உட்கார்ந்து படியேறினேன். மூன்று மணி நேரம் கழித்துத்தான் என் டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கீழ விழுந்தீங்களா?"

"இல்லைங்க. நடக்கறப்ப பிசகிடுச்சு."

"எடை ஏதாவது தூக்கினீங்களா?"

"இல்லைங்க."

சரோஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வெறும் சுளுக்கு என்று களிம்பும் மாத்திரையும் எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்.

இறங்கும்போது கேட்டாள். "ஏங்க, பல்லக்கு தூக்கறப்பதான் முட்டி திரும்புச்சுன்னு சொல்லியிருந்தா, ஸ்கேன் எடுத்துப் பார்த்திருப்பாருல்ல?"

நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் உட்கார்ந்தேன்.

புதன்கிழமை எங்கள் தெருக் கோயில் புறப்பாடு. முனையில் திரும்பும்போது முட்டிக்குள் ஏதோ பட்டென்று விட்டுப்போனது. பல்லக்கைச் சாயவிடாமல் சந்நிதி வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தேன். இருபத்திரண்டு வருஷமாகத் தோள் கொடுக்கிறேன். ஒரு நாளும் பெருமாளை எடை என்று நினைத்ததில்லை. டாக்டர் கேட்டபோது இல்லை என்றுதான் வாயில் வந்தது.

சரோஜா சொல்வது சரிதான். நாளைக்கு மறுபடி போக வேண்டும். ஆமாம் டாக்டர், தூக்கினேன், கனமாக இருந்தது என்று சொல்ல வேண்டும்.

படியைக்கூட எப்படியாவது ஏறிவிடுவேன்.