மீதியில்லாத நிலம்

கையெல்லாம் சாக்கட்டித் தூள். இன்று மாலை முதியோர் வகுப்பில் நூற்றை மூன்றால் வகுத்தேன். முப்பத்து மூன்று, புள்ளி, அப்புறம் மூன்று, மூன்று என்று எழுதிக்கொண்டே போனதில் பலகையின் ஓரம் வந்துவிட்டது. சிரித்துவிட்டேன். வாத்தியாரம்மாவுக்குக் காரணம் தெரியாது. உனக்குத் தெரியும், மச்சான்.

நாடு விடுதலையான மெர்டேகாவுக்கு முந்திய வருஷம் காஜா பெராங்கில் அக்கா தங்கை மூவருக்கு நிலம் பிரித்தோமே! அகலம் சரியாக நில அளவைச் சங்கிலி ஒன்று, அதாவது நூறு கண்ணி. கணக்கு உன் வேலை, முளை அடிப்பது என் வேலை. அன்று கருவிப் பெட்டியின் மூடியில் எழுதிப் பார்த்து, வியர்த்துப்போய் உட்கார்ந்துவிட்டாய்.

"மூணு நிக்கவே மாட்டேங்குதுடா. பங்கெல்லாம் கூட்டினா தொண்ணூத்தொம்போது புள்ளி ஒம்போது, ஒம்போது... நூறு வரல. ஒரு கீத்து யாருக்கும் இல்லாமப் போவுது."

கடைசித் தங்கை இடுப்பில் கை வைத்தாள். "அலாமா! அந்தக் கீத்து எனக்குத்தான் லா. ரம்புத்தான் நடுவேன்."

"எறும்பு நடக்கவே எடமில்ல, இவ மரம் நடப்போறா!" என்றாள் மூத்தவள்.

நீ சிரிக்கவில்லை. நான் அடி நாடாவை எடுத்து அதே அகலத்தை அளந்தேன். அறுபத்தாறு அடி. பங்குக்கு இருபத்திரண்டு. இரண்டு முளை அடித்தேன். மூன்றாவது இருபத்திரண்டு எல்லைக் கல்லில் போய் முட்டியது.

"பாத்தியா மச்சான், மண்ணுல மீதி இல்ல."

"கைநாட்டுப் பய நீ. எழுதிக் காட்டு, ஒத்துக்கிறேன்."

அதன் பிறகும் அந்தக் கீற்று உன்னை உறுத்தியது. தேநீர்க் கடை மேசையில் விரலால் ஒன்பது ஒன்பதாக எழுதி, "நிக்காதுடா" என்பாய். மெர்டேகாவுக்கு மறுவருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாய். எழுதிக் காட்ட எனக்கு அப்போது எழுத்து இல்லை.

இப்போது எழுதுகிறேன், படி. ஏதோ ஓர் ஒன்பதில் நிறுத்தினால் மீதி உண்டு. ஆனால் நிற்காது என்றவனே நீதான். மயிரிழை அளவு மீதி என்று சொல்லிப் பார். அதைவிட நெருக்கமாக நூற்றிடம் போக இன்னும் ஒன்பதுகள் இருக்கும். பலகைக்கு ஓரம் உண்டு, அந்த வரிசைக்கு இல்லை. பிறகு கீற்று எங்கே கிடக்கும்? ஆகவே அது நூற்றுக்குப் பக்கத்தில் இல்லை. நூறேதான்.

போன ஞாயிறு அந்தப் பக்கம் நடந்தேன். ரம்புத்தான் காய்த்திருக்கிறது, கடைசித் தங்கையின் வேலிக்குள்ளேயே.

இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை தேநீர் ஆறிவிட்டது. இந்த வயதில் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தது 'எழுதிக் காட்டு' என்ற உன் சொல்தான். காட்டிவிட்டேன். நீ ஒத்துக்கொள்வது ஒன்றுதான் பாக்கி.